சாவி என் கையில்தான் இருந்தது

பிப்ரவரி 11

தம்பிக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி என்னால் முடியாது.

'அன்புள்ள' என்ற சொல் இல்லாததைக் கவனித்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். இடம் காலியாக இருக்கிறது. பிறகு தோன்றினால் எழுதிக்கொள்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சரிண்ணா, சரிண்ணா, ஆள் வந்திருக்காங்க, அப்புறம் கூப்பிடறேண்ணா" என்பாய். அந்த 'அப்புறம்' இதுவரை வந்ததில்லை. தவிர, எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. உன் அண்ணிக்கு இதயத்தில் என்ன கோளாறு இருந்தாலும் காதில் ஒரு குறையும் இல்லை. அதனால் ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் ஆய்வக முகவரிக்கே போடு. நகல் ஒன்று என்னிடம் இருக்கும். நான் எழுதும் எதற்கும் நகல் எடுக்காமல் இருப்பதில்லை, உனக்குத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பிறகு நீ எதையும் மாற்றிச் சொல்லக் கூடாது பார். போன வாரம் உன் அண்ணியை இதயநோய் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது என்றார். அறிக்கையை மேஜைமேல் வைத்துவிட்டு, "நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க. மூச்சு வாங்கறதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"என் கொழுந்தனாருங்க. அக்குபங்சர் பார்க்கறார். முட்டி வலின்னுதான் அவர்கிட்ட போனேன். நாடியைப் பிடிச்சே சொல்லிட்டார்," என்றாள். குரலில் என்ன பெருமை!

மருத்துவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பெண்டாட்டியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார். கைப்பை என் மடியில்தான் இருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கச்சேரி ஆரம்பித்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா நலம் விசாரிக்க வந்தாள். உன் அண்ணி நடித்தே காட்டினாள். "ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பிடிச்சார். கண்ணை மூடிக்கிட்டார். அப்புறம் மெதுவா, 'அண்ணி, மாடி ஏறும்போது நடுவுல நின்னு கைப்பையில சாவி தேடறீங்களா?'ன்னு கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மூச்சு முட்டறது வெளியே தெரியக் கூடாதுன்னுதான் அப்படித் தேடற மாதிரி நிப்பேன். அது எனக்கும் அந்தப் படிக்கட்டுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் விரலுக்கு எப்படித் தெரிஞ்சுது சொல்லுங்க?"

நான் சமையலறையில் குழாயடியில் நின்றிருந்தேன். குடம் நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது.

அவளுக்கும் படிக்கட்டுக்கும் மட்டும்தானாம்! மூன்றாவதாக ஒருத்தன் இருக்கிறான், தம்பி. தினமும் அவளுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் ஏறி வருகிறவன். போன தடவை நீ வந்தபோது பால்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்று, நான்தானே உன்னிடம் சொன்னேன்? என் வார்த்தைகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. "இவ மறதியைப் பாரு. தினமும் ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னு கைப்பையைக் குடைவா. சாவி என் கையில ஆடிக்கிட்டிருக்கும். ஒரு நாளாவது திரும்பிப் பார்க்கணுமே!" நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எத்தனை நாளாண்ணா?" என்றாய். மறதியைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

நான் சொன்னதை எடுத்துக்கொண்டு போய், கண்ணை மூடி, விரலில் வைத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறாய்.

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு மாத்திரை வந்தால், எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள், யார் சோதித்தார்கள் என்று ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து இருக்கும். கையெழுத்தில்லாத தாளை நான் படிப்பதுகூட இல்லை, நேராகக் குப்பைக்கூடைக்குப் போய்விடும். உன் தொழிலில் அந்த வழக்கமே கிடையாதோ? ஊரார் சொன்னதெல்லாம் உன் விரலுக்குள் போனதும் நாடி ஆகிவிடுமோ?

எனக்கு இது புதிதல்ல. அப்பா கடைசி வருஷம் படுத்திருந்தபோது ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றவன் நான். நீ சாயங்காலம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். "சின்னவன் கை வச்சதும்தான் வலி அடங்குது" என்பார் அப்பா. நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊசி குத்தக் கற்றுக்கொள்ளப் போனபோது என்னிடம் என்ன சொன்னார்கள்? "நீ படிச்சவன், நீதான் புரிஞ்சுக்கணும்." புரிந்துகொண்டே இருக்கிறேன். எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அவள் வரும்போது, நாடி சொல்லவில்லை, அண்ணன் சொன்னான் என்று அவளிடம் சொல். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்.)


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். 'அன்புள்ள' இல்லாததைப் பார்த்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் இடம் காலியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ சொன்னது உண்மை. சாவி விஷயம் நீ சொன்னதுதான். அதை நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்ல அனுமதி கொடு. நீ ஆதாரம் கேட்கிறவன், பாதியைக் கேட்டு முடிவு செய்ய மாட்டாய்.

அண்ணி முட்டி வலி என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். என் அறை உனக்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒருவர் உள்ளே நுழைந்து உட்காரும் வரைக்கும் நான் பேசமாட்டேன். எந்தக் காலைத் தாங்கி நடக்கிறார், பையைக் கீழே வைக்கிறாரா மடியில் வைக்கிறாரா, பேசும்போது எங்கே நிறுத்துகிறார் என்று பார்ப்பேன். பிறகு நாக்கு. பிறகுதான் நாடி. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று இடம், மேலாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. என் ஆசிரியை எவ்வளவு கோபக்காரி என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அளவுகோலால் விரல் முட்டியில் தட்டுவார். "விரல் சொல்றதைக் கேளு. உனக்குத் தெரிஞ்சதை விரல் மேல ஏத்தி உட்கார வைக்காதே!" என்பார். அந்தக் குரல் இப்போதும் கேட்கும். கூடவே புத்தகத்தில் படித்தது வரும். இதே மாதிரி முட்டி வலி என்று வந்து வேறொன்றாக முடிந்தவர்களின் முகங்கள் வரும். ஒரே அறையில் உறவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பேசுவது மாதிரி இருக்கும் அண்ணா. யார் எதைச் சொன்னார்கள் என்று அப்போது பிரிக்க முடியாது.

அண்ணியின் இடது கை நாடி தளர்ந்திருந்தது. அது சத்தியம். ஆனால் சாவி விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அது தளர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியிருக்குமா? தெரியவில்லை. அன்றிலிருந்து இதையே என்னிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ திட்டியதைவிட இது எனக்குப் பெரிய உறுத்தல்.

'நாடி சொல்கிறது' என்று நான் சொல்லவில்லை. கையைப் பிடித்தபடியே அந்தக் கேள்வியைக் கேட்டேன். இரண்டையும் சேர்த்துக்கொண்டவர் அண்ணிதான். நான் பிரித்துச் சொல்லவில்லை. தப்பு அங்கேதான்.

ஏன் சொல்லவில்லை? "அண்ணா சொன்னார்" என்று ஆரம்பித்திருந்தால் அண்ணி என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். "உங்க அண்ணனுக்கு என்னைக் குறை சொல்லாட்டி சோறு இறங்காது" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பார். அந்த வாரமே அவர் இதயநோய் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

பால்கனியில் நீ சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு போனில் இரண்டு முறை, அண்ணியை ஒரு டாக்டரிடம் காட்டு என்றேன். "மறதிக்கு மருந்து இருந்தா முதல்ல நான் வாங்கிச் சாப்பிடறேன்" என்று சிரித்தாய். அப்போதே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உன்னிடம் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பாய். என்னிடம் இருந்தது ஒரு சாவி மட்டும்தான்.

நீ சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறேன். எப்போது, எப்படி என்று மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்வோம். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? உப்பைக் குறைத்துவிட்டாரா? உன் ரத்த அழுத்தம் எப்படி? கோபத்தோடு படி ஏறாதே.

அன்புடன்,
உன் தம்பி
(வீட்டில் நீ வைத்த பெயர்தான்: ஊசி)


பிப்ரவரி 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். கடைசியில் பக்கத்து மேஜைக்காரர், "சார், ஒண்ணு திறந்து வையுங்க, இல்லை மூடி வையுங்க. தராசு முள் ஆடுது," என்றார்.

உறவுக்காரர்கள் எல்லோரும் உன் தலைக்குள் சேர்ந்து பேசினார்களாம். எந்தக் குரல் யாருடையது என்று உனக்குத் தெரியவில்லையாம். அதில் ஒரு குரல் என்னுடையது. கூடப் பிறந்தவன் குரலையாவது அடையாளம் தெரிந்திருக்க வேண்டாமா? உன் கோபக்கார ஆசிரியையின் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது, அளவுகோல் சத்தத்தோடு!

அழகாக எழுதுகிறாய். நீ அழகாகப் பேசியே பிழைத்தவன். "எனக்குத் தெரியவில்லை" என்று நீ சொன்னால் ஊரே உருகுகிறது. அதையே நான் சொன்னால், "இவ்வளவு படிச்சும் தெரியலையா" என்கிறார்கள்.

மாத்திரை விஷயம் கேட்டாய். சொல்கிறேன், சிரிக்காதே. அவளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று எங்கள் ஆய்வகத்தில் சோதித்து வெளியே போவது. அட்டையைத் திருப்பித் தொகுதி எண்ணைப் பார்த்தேன். அந்தத் தொகுதியை அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். "இதைக் காலையில சாப்பிட்டுடு, ராத்திரி போட்டா தூக்கம் கெடும்" என்றேன். அவள், "இருங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றாள். என் கையெழுத்து விழுந்த மாத்திரையை என் பெண்டாட்டி விழுங்குவதற்கு உன் அனுமதி வேண்டியிருக்கிறது. நீ போனில் என்ன சொன்னாயோ. "அவரும் காலையிலதான்னு சொன்னார்" என்று வந்து விழுங்கினாள். 'அவரும்.' அந்த ஒரு 'உம்' மட்டும்தான் எனக்குக் கிடைத்தது.

அவள் எனக்கு வைத்த பெயர் உனக்குத் தெரியுமே, பூதக்கண்ணாடி. நான் எதைப் பார்த்தாலும் குறை தேடுகிறேனாம். சரி, தேடினேன். கிடைத்தது. அதை நீ கொண்டுபோனாய்.

எப்போது, எப்படி என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். யோசிக்க ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவள் வரும்போது சொல். நீ சொல்லவில்லை என்றால் இந்த மூன்று கடிதங்களையும் அவள் முன்னால் வைத்து நான் சொல்வேன். நகல் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: என் ரத்த அழுத்தம் என் பொறுப்பு.


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அண்ணி போன் செய்தார். வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்று அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்லிவிட்டாராமே. தேதி கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், சம்மதம் மட்டும்தான் பாக்கி என்றார். நீ உன் கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீ எழுதிய பிறகுதான் உன்னிடம் சொன்னார்களா, இல்லை கோபத்தில் விட்டுவிட்டாயா?

அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வர்றேன். நாடி பார்த்துச் சொல்லுங்க. நீங்க போகலாம்னா போறேன். வேண்டாம்னா இந்த மாத்திரையோடயே ஓட்டிடறேன்." நான், "அண்ணி, இது நாடி பார்த்துச் சொல்ற விஷயம் இல்லை, டாக்டர் சொன்னதைக் கேளுங்க" என்றேன். "அவங்க மெஷினைப் பார்த்துச் சொல்றாங்க. நீங்கதான் என்னைப் பார்த்துச் சொன்னீங்க" என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. அன்றைக்கு வந்திருந்த ஒருவருக்கு ஊசியைக் குத்திவிட்டு எடுக்க மறந்து வெளியே போய் நின்றேன். அவரே கூப்பிட்டு, "டாக்டர், இதை எடுப்பீங்களா, இல்லை ஞாபகார்த்தமா நானே வச்சுக்கவா?" என்று கேட்டார்.

என் விரலுக்கு வால்வு தெரியாது அண்ணா. ஒருவருக்கு வயிறு சரியில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, மனசில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது வரைக்கும் போகும். அதற்கு மேல் போனால் அது நான் போடும் வேஷம். அண்ணி இப்போது என்னை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அன்றைக்கு நான் பிரித்துச் சொல்லாமல் விட்டதால்தான் இது.

நீ கேட்டது நியாயம். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாவியை நீதான் கவனித்தாய், நாடி அல்ல என்று சொல்கிறேன். மருத்துவர் சொன்னபடி அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்கிறேன். முதல் விஷயத்தைக் கேட்ட பிறகு இரண்டாவதைக் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டால் நான் பிடித்து நிறுத்த முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீடு திரும்பும்போது நீ இரு. அவர் என்னை நம்பமாட்டார். அப்போது நம்புவதற்கு வேறு ஒருவர் வேண்டும். அது நீயாக இருக்க முடியுமா என்று யோசித்துப் பார். உன்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பி,

வெள்ளிக்கிழமை ஒன்றும் சொல்லாதே.

அவசரத்தில் எழுதுகிறேன். இன்று தபாலில் போட்டால்தான் அதற்கு முன் உன் கைக்கு வரும். என்ன இது, இவ்வளவு நாள் குதித்துவிட்டு இப்போது பல்டி அடிக்கிறான் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

அறுவை சிகிச்சை பற்றி நான் எழுதாததற்குக் காரணம், என்னிடம் சொல்லவில்லை என்பதுதான். சம்மதப் படிவத்தை அவள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். அறுவை சிகிச்சை என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது, படிவம் பிறகுதான் கண்ணில் பட்டது. அன்று மதியத்துக்கு மேல் ஆய்வகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. நடைக்கூடத்தில் மேலும் கீழும் நடந்தேன். என்ன சொல்லிச் சண்டையை ஆரம்பிக்கலாம் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்துக்கொண்டேன். நல்ல வாக்கியங்கள். அவளைக் கடைத்தெருவில் பார்த்து இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தோம். படியில் முதல் மாடி தாண்டும் வரை காத்திருந்தேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நிற்கவில்லை. கைப்பையைத் திறக்கவும் இல்லை. உன்னிடம் மாட்டிக்கொண்ட பிறகு அந்த வித்தையைச் செய்ய வெட்கமோ என்னவோ. ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. மேலே மொட்டைமாடியிலிருந்து தையல்காரம்மா வேறு இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் நிற்கக் கூடாது என்று இவளுக்கு வைராக்கியம்.

நான் நின்றேன். "ஐயோ, சாவியைக் காணோமே" என்றேன்.

சட்டைப் பையைப் பார்த்தேன். கால்சட்டையில் இரண்டு பக்கமும் பார்த்தேன். குடையை விரித்து உதறினேன். செய்தித்தாளைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அவளும் நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"என்னங்க சார், தொலைச்சிட்டீங்களா?" என்றாள் தையல்காரம்மா.

"பூதக்கண்ணாடிக்கே சாவி கிடைக்கலையாம்! கேட்டுக்கோங்க," என்றாள் உன் அண்ணி. மூச்சு திரும்பி வந்துவிட்டது, அதனால் கேலியும் வந்துவிட்டது. "ஊரு உலகத்துல என்ன தப்பு நடந்தாலும் கண்டுபிடிப்பார். வயசாயிடுச்சு, பாவம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சாவி என் கையில்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது. அவள் முகத்தில் நிறம் வந்த பிறகு, "இதோ, இங்கேதான் இருக்கு" என்று காட்டினேன். நான் சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

அன்றிலிருந்து தினமும் தேடுகிறேன். ஒருநாள் செருப்பு வார் அறுந்தது. ஒருநாள் கண்ணில் தூசி. அவள் கண்டுபிடித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கண்டுபிடித்திருந்தாலும் சொல்லமாட்டாள். அவளும் இதில் கைதேர்ந்தவள்தானே.

படிவத்தைப் பற்றி நேற்று ஜாடையாகக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை தம்பிகிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றாள்.

"நான் சொன்னா போகமாட்டியா?" என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னா அது குறை. அவர் சொன்னா அது வைத்தியம்."

சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடித்தேன்.

ஆகவே இப்போது நான் சொல்வதைக் கேள். நாடி போகச் சொல்கிறது என்று சொல்லாதே. பொய் எனக்குப் பிடிக்காது, உனக்கும் வராது. அன்றைக்குச் செய்ததையே செய். கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி மட்டும் கேள். கேள்விக்கு வேண்டியதை நான் தருகிறேன்.

உன்னிடம் பஸ்ஸில் வரும் நாட்களில் அவள் நீர் பிரியும் மாத்திரையைச் சாப்பிடுவதில்லை. வழியில் இறங்க முடியாது என்று பயம். சமையலறை ஜன்னலோரம் உப்புக் குப்பிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள், சாயங்காலம் வந்தும் போடுவதில்லை. நாளைக் காலை முதல் வேலையாக அந்த இதயநோய் மருத்துவரிடம் போய் நானே இதைச் சொல்லப் போகிறேன். நீயும் அவளிடம் கேள்.

படுக்கும்போது இரண்டு தலையணை, சில நாள் மூன்று. கேட்டால் கழுத்து வலி என்பாள். கழுத்து வலி இல்லை. மாலையில் கணுக்காலில் செருப்பு வாரின் தடம் அப்படியே நிற்கிறது. இஸ்திரி போடும்போது பேசிக்கொண்டே வருவாள், ஒரு வாக்கியம் பாதியில் நின்று, சட்டையின் மறுபக்கத்துக்குப் போன பிறகுதான் முடியும்.

இன்னொன்று. இதை எப்படிக் கேட்பாய் என்று தெரியவில்லை, உன் ஆறு இடங்களில் இதற்கும் ஓர் இடம் இருக்கும், கண்டுபிடி. போன வாரத்திலிருந்து எது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்ட ஆரம்பித்திருக்கிறாள். "ரசீதெல்லாம் இந்த டப்பாவுல. உங்க கம்பளிச் சட்டை இந்தத் தட்டுல, தேடாதீங்க. கேஸ் சிலிண்டருக்கு இந்த நம்பர்." நானும் சரி சரி என்று கேட்டுக்கொள்கிறேன். கத்திக்கு அவள் பயப்படவில்லை தம்பி. மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் திறக்காமல் போய்விடுவோமோ என்றுதான் பயப்படுகிறாள். அதை யாராவது கேட்டால் போதும், அழுதுவிட்டுச் சம்மதித்துவிடுவாள். நான் கேட்டால், "உங்களுக்கு எப்பவும் அபசகுனம்தான்" என்பாள். நீ கேள். விரலை எடுக்காமல் கேள்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருப்பேன். கேட்டிருந்தாயே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அப்பா சொன்னது, அந்த வரிசைகள், எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. சாவியைக் கவனித்தவன் நான். அது என்றைக்கும் மாறாது. அவள் கண் திறந்து எழுந்து உட்கார்ந்த பிறகு, இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒருநாள் கட்டாயம் தோன்றும். என்னை எனக்குத் தெரியும். நல்ல கோபத்தில் இருக்கும்போது, பீரோவைத் திறந்து நகலை எடுத்து, "பார், அன்றைக்கு உன் தம்பி சொன்னதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது பார்" என்று அவள் முன்னால் விரிப்பேன்.

அதனால் இதற்கு நகல் எடுக்கவில்லை. என் பழைய கடிதங்களின் நகல்களையும் உன் இரண்டு கடிதங்களையும் மதியம் ஆய்வகத்தில் கிழித்துவிட்டேன். நீயும் உன்னிடம் இருப்பதைக் கிழித்துவிடு. இந்தத் தாளைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாலும் சரி. கீழே என் பெயரோ தேதியோ இருந்தால் இது சாட்சியாகிவிடும். கையெழுத்தில்லாத தாளுக்கு என்ன மதிப்பு என்று என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. பேனாவை மூடிவிட்டேன். மேலே இருக்கும் தேதியை மட்டும் கிழித்து எடுத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.